தலைப்பக்கம் வளைவு, கால்பக்கம் சதுரம்

காத்தூன் பீவிக்கு இரண்டு வேலைகள். ஒன்று, தண்டையார்பேட்டையில் தமீம் நடத்தும் பை தைக்கும் பட்டறையில் செக்கிங். தைத்து முடித்த பையில் நூல் பிசிறு இருந்தால் வெட்டுவது, ஜிப்பை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பது, தையல் கோணலாக இருந்தால் திருப்பி அனுப்புவது. இன்னொன்று, ராயபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் முஸ்லிம் வீடுகளில் ஒரு பெண் மௌத்தாகிவிட்டால், அந்த மய்யித்தைக் குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, சொந்தக்காரர்கள் கடைசியாக முகம் பார்க்கும்படி செய்து கொடுப்பது. முதல் வேலைக்கு வந்து பன்னிரண்டு வருஷம். இரண்டாவதற்கு இருபத்தாறு. இரண்டிலும் அவர் அதிகம் பேச மாட்டார். பட்டறையில் மெஷின் சத்தத்தில் பேசினாலும் கேட்காது. மய்யித் வீட்டில் கேட்கும், அதனால் பேச மாட்டார்.

கணவர் காலித் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரே மகளைப் பழவேற்காட்டில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. கல்மண்டபம் பக்கத்தில் மாடி வீடு. படியேறினால் காத்தூனுக்கு மூட்டு வலிக்கும், காலித்துக்கு மூச்சு வாங்கும். இருவரும் அதைப் பற்றி ஒருவரிடம் ஒருவர் புகார் சொல்லிக்கொள்வதில்லை.

2020இல் பள்ளிக்கூடங்கள் மூடின. பட்டறை தைத்துக்கொண்டிருந்தது பள்ளிக்கூடப் பை. தமீம் இரண்டு வாரம் நகத்தைக் கடித்தார். பிறகு ஆஸ்பத்திரிக்காரர்கள் போடும் முழு அங்கியைத் தைக்க ஆரம்பித்தார். அடுத்து ஒரு ஏஜெண்டு வந்து, உடலைப் போட்டு மூடுகிற பை தைப்பீர்களா என்று கேட்டார். கறுப்பு ரெக்சின், நடுவில் ஒரு ஜிப், நாலு மூலையில் நாலு கைப்பிடி. தைக்கச் சுலபம். எட்டாயிரம் தைத்துக் கொடுத்தார்கள். காத்தூன் பீவி எட்டாயிரத்தையும் இழுத்துப் பார்த்தார்.

அந்த வருஷமும் அடுத்த வருஷமும் அவருடைய இரண்டாவது வேலை நின்றுபோனது. கொரோனாவில் இறந்தவர்களைக் குளிப்பாட்ட அனுமதி இல்லை. 2021 மே மாதம், பக்கத்துத் தெரு அஜீசா இறந்தார். காத்தூனும் அவரும் ஒரே வருஷத்தில் கல்யாணமாகி அந்த ஏரியாவுக்கு வந்தவர்கள். தண்ணீர் ஊற்ற முடியாவிட்டால் மண்ணைத் தொட்டு பையின் மேலேயே தடவித் தயம்மும் செய்யலாம் என்று பள்ளிவாசலில் சொல்லியிருந்தார்கள். பிணவறை வாசலில் காத்தூனுக்கு இரண்டு நிமிஷம் கொடுத்தார்கள். அவர் ஒரு செங்கல்லில் உள்ளங்கையைத் தட்டி, பிஸ்மில்லாஹ் சொல்லி, முகம் இருக்கும் இடத்தைத் தடவினார்.

நின்றுகொண்டிருந்த ஊழியர் தொண்டையைச் செருமினார்.

"யம்மா, அது காலு."

பையின் இரண்டு முனையும் ஒரே மாதிரி இருந்தன. காத்தூன் பீவி இந்தப் பக்கம் வந்து, மறுபடி செங்கல்லில் தட்டி, முதலிலிருந்து செய்தார். கொடுத்த நேரம் முடிந்துவிட்டது. ஜிப்பின் ஓரத்தில் அவருக்குத் தெரிந்த தையல் இருந்தது. அது அவர் இழுத்துப் பார்த்து அனுப்பிய எட்டாயிரத்தில் ஒன்று. இதை வீட்டில் காலித்திடம் மட்டும் சொன்னார். காலித் போனைக் கீழே வைத்தார்.

மறு வருஷம் பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. காலித்துக்கு அது ஒரு வேலை கிடைத்த மாதிரி ஆனது. காலையில் எழுந்ததும் போனில் சண்டை பார்ப்பார். எந்த ஊர் யார் கையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். வீட்டில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாது. சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறியபோது, அது ஏன் என்று மளிகைக்கடை வரிசையில் நின்றவர்களுக்கு வரைபடம் போட்டு விளக்கினார்.

பட்டறையில் மெயில் பார்ப்பவள் ஃபிர்தௌஸ், தமீமின் அண்ணன் மகள். பி.காம். படித்தவள், இங்கிலீஷ் தடையில்லாமல் வரும். ஏப்ரலில் ஒரு மெயிலைப் படித்துவிட்டுச் சித்தப்பாவைக் கூப்பிட்டாள். போலந்தில் ஒரு நிறுவனம். உக்ரைனுக்கு வேண்டியதை வாங்கி அனுப்புகிறவர்கள். கொரோனா காலத்தில் இந்தியாவில் யார் யார் உடல் பை தைத்தார்கள் என்று தேடியிருக்கிறார்கள். சாம்பிள் வேண்டும்.

தமீம் மிச்சமிருந்த பழைய பையில் ஒன்றை அனுப்பினார். பதினெட்டாம் நாள் பதில் வந்தது. ஃபிர்தௌஸ் தையல்காரப் பெண்களைச் சுற்றி நிற்கவைத்து அதைத் தமிழில் படித்தாள். தூக்கும்போது கைப்பிடி கிழிகிறது. குளிரில் ஜிப் சிக்குகிறது. மடிப்பில் ஒழுகுகிறது. நன்றி.

"டபுள் தையல் போட்டா கிழியாது பாய்" என்றாள் செங்கொடி. வியாசர்பாடியிலிருந்து வருகிறவள், பட்டறையில் மூத்த தையல்காரி.

"போட்டாலும் கிழியும்" என்றார் காத்தூன் பீவி.

அவர் அந்தக் கூட்டத்தில் பேசுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. தமீம் திரும்பிப் பார்த்தார்.

"மூலையில புடிச்சி தூக்குனா நடுவுல தொங்கும். ஆளோட கனம் தோளுலயும் இடுப்புலயும்தான் கீது. நாங்க தூக்கறப்போ கீழ துணி குடுத்து தூக்குவோம். பட்டை அடியில ஓடணும் தமீமு. இந்தாண்ட கைப்புடியில ஆரம்பிச்சி, முதுகுக்கு அடியில போயி, அந்தாண்ட கைப்புடியா வரணும். ஆறு பேரு தூக்கற மாதிரி."

"அப்பால?" என்றார் தமீம்.

"ஜிப்பு நடுவுல வாணாம். ஓரமா சுத்தி வரட்டும், மூடி மாதிரி தொறக்கணும். மூஞ்சிக்கு மட்டும் தனியா ஒரு தொறப்பு. வூட்டு ஆளுங்க வந்தா மூஞ்சியத்தான் கேப்பாங்க. அதுக்கு மொத்தத்தையும் தொறந்து காட்டக் கூடாது."

ஃபிர்தௌஸ் எழுதிக்கொண்டிருந்தாள்.

"தலைப்பக்கம் வளைவா வெட்டுங்க. கால்பக்கம் சதுரமா. இருட்டுல கை வச்சா கூட எது தலைன்னு தெரியணும்."

இதைச் சொல்லிவிட்டு அவர் மேசைக்குப் போய்விட்டார். அஜீசாவைப் பற்றி அங்கே சொல்லவில்லை.

மூன்றாவது சாம்பிள் தயாரான அன்று காலித் வீட்டுச் சாவி வாங்கப் பட்டறைக்கு வந்தார். எண்பத்து நாலு கிலோ. காத்தூன் பீவி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"செத்த இதுல படுங்க."

"இன்னாது? நான் இன்னா பொணமா?"

"இல்ல. அதான் வேணும். எங்க வலிக்குதுன்னு பொணம் சொல்லாது, நீங்க சொல்லுவீங்க."

காலித் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தார். ஜிப்பை நெஞ்சு வரை இழுத்தார்கள். செங்கொடியும் ஐந்து பெண்களும் ஆளுக்கொரு கைப்பிடி பிடித்துத் தூக்கி, பட்டறையிலிருந்து தெருக் கதவு வரை நடந்தார்கள்.

"இடுப்புல அறுக்குது!" என்றார் காலித்.

"பட்டைய அகலமாக்கணும்" என்றார் காத்தூன் பீவி. ஃபிர்தௌஸ் எழுதினாள்.

நடுக் கைப்பிடிகளைப் பிடித்திருந்தவர்கள் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்கள்.

"இப்ப சோக்கா கீது. தூளி மாதிரி கீது. காத்தூனு, இதுல தூக்கமே வரும்" என்றார் காலித்.

கதவருகே அவருடைய போன் பைக்குள் பேச ஆரம்பித்தது. செய்தி நேரம். "கார்கிவ்ல மறுபடி குண்டு போட்டுட்டான்பா!" என்று பைக்குள்ளிருந்தே காலித் கத்தினார். டீ கொண்டுவந்த கடைக்காரர் தூக்குப் போணியைத் தரையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். அவர் மறுநாள்தான் போணியை வாங்க வந்தார்.

போலந்திலிருந்து ஒரு வாரத்தில் பதில் வந்தது. சாம்பிள் பிடித்திருக்கிறது. முதலில் ஐயாயிரம். பிறகு மாதாமாதம்.

பதினோரு மெஷின் நாற்பதானது. இடம் போதாமல் திருவொற்றியூர் சாத்தாங்காட்டில் ஒரு ஷெட் பிடித்தார்கள். பழைய பட்டறையிலிருந்த செக்கிங் மேசையை வண்டியில் ஏற்றி அங்கே போட்டார்கள், காத்தூன் பீவி அதில்தான் உட்காருவேன் என்றதால். பைகள் அட்டைப்பெட்டியில் ஏறி, எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரி வரிசையில் நின்று, துறைமுகத்துக்குப் போயின. அதே சாலையில் எதிர்ப்பக்கம் டேங்கர் லாரிகள் வந்தன. நம் நாடு இப்போது ரஷ்யாவிடம் எண்ணெய் நிறைய வாங்குகிறது என்று காலித் சொன்னார். அவர்களுடைய எண்ணெய் நமக்கு, நம்முடைய பை அவர்களோடு சண்டை போடுகிறவர்களுக்கு. இதில் தப்பு ஒன்றும் இருப்பதாக அவர் சொல்லவில்லை. போக்குவரத்தைச் சொன்னார், அவ்வளவுதான்.

ஷெட்டில் வேலை பார்த்த பெண்கள் ஸ்கூட்டி வாங்கினார்கள். கூரை வீட்டுக்குத் தளம் போட்டார்கள். பிள்ளையை இங்கிலீஷ் பள்ளியில் சேர்த்தார்கள். என்ன தைக்கிறீர்கள் என்று வெளியே கேட்டால் "டென்ட்டு" என்றார்கள். செங்கொடியின் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களும் கேட்டார்கள். அவளும் அதையே சொன்னாள். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு மலையேறுவதில் ஆர்வம். ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். ஸ்டாக் இல்லை என்றாள்.

ஒரு ஏற்றுமதியாளர் சங்கம் தமீமுக்குப் பரிசு கொடுத்தது. பெரிய ஓட்டலில் விழா. தமீம் காத்தூன் பீவியையும் அழைத்துப் போனார். மேடையில் பேசியவர் பையைப் பை என்று சொல்லவில்லை. தொழில்நுட்ப ஜவுளி என்றார். பிறகு, இந்த வடிவமைப்பைத் தந்த அம்மா இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று மைக்கைக் கொடுத்துவிட்டார். காத்தூன் பீவி என்ன பேசுவது என்று யோசித்து, தெரிந்ததைச் சொன்னார். ஒரு மய்யித்தைத் தூக்கும்போது கை எங்கே இருக்க வேண்டும், தலை ஏன் ஆடக் கூடாது, வயிற்றை ஏன் அழுத்தக் கூடாது என்று வரிசையாக விளக்கினார். முன்வரிசையில் சூப் குடித்துக்கொண்டிருந்தவர்கள் கரண்டியை வைத்துவிட்டார்கள். முடித்ததும் கைதட்டினார்கள். கீழே இறங்கி வந்து, "சரியா சொன்னனா?" என்று தமீமிடம் கேட்டார். சரியாகத்தான் சொன்னார்.

2023 வசந்தத்தில் போலந்துத் தலைநகர் வார்சாவில் ஒரு கண்காட்சி. ஃபிர்தௌஸ் போனாள். அந்தக் குடும்பத்தில் விமானம் ஏறிய முதல் பெண். அவளுடைய கடையில் பையை விரித்து வைத்திருந்தபோது, ஒரு பெண்மணி வந்து தலைப்பக்கத்து வளைவை விரலால் தடவினார். பெயர் ஹலீனா, உக்ரைன்காரர், ஐம்பது வயதிருக்கும். சண்டைக்கு முன்னால் பள்ளிக்கூட நூலகத்தில் இருந்தவர். இப்போது போர்முனையிலிருந்து வரும் உடல்களை இறக்கி, பெயர் கண்டுபிடித்து, வீட்டுக்கு அனுப்புகிற வேலை. கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். இந்த வளைவை யார் யோசித்தார்கள் என்று கேட்டார்.

ஃபிர்தௌஸ் வீடியோ காலில் ஷெட்டைக் கூப்பிட்டாள். காத்தூன் பீவி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனைத் தூரமாகப் பிடித்தார்.

"பெரிம்மா, இவங்கதான் நம்ம பையை யூஸ் பண்றாங்க. அங்க கரெண்டு இருக்காதாம். குண்டு போட்டு நிறுத்திடறாங்களாம். இருட்டுல கையால தடவித்தான் இறக்குவாங்களாம். அந்த வளைவு இருக்கிறதால தலை எதுன்னு தெரியுதாம். யாரையும் தலைகீழா இறக்குறதில்லையாம்."

காத்தூன் பீவி தலையாட்டினார். அவர் முகம் கொஞ்சம் மாறியதைச் செங்கொடி பார்த்தாள். ஆனால் குரல் மாறவில்லை.

"குளிப்பாட்டறாங்களா கேளு."

ஃபிர்தௌஸ் கேட்டாள். "முடிஞ்சாத்தானாம். தண்ணி உறைஞ்சுபோயிடுதாம்."

"வெந்நி?"

"முன்னெல்லாம் வெச்சாங்களாம். இப்ப முடியலயாம்."

"ஈரத்துணியால தொடச்சா போதும்னு சொல்லு. மூஞ்சி, கை, காலு. அது போதும். தப்பில்ல."

ஃபிர்தௌஸ் சொன்னாள். ஹலீனா அதைக் கவனமாகக் கேட்டார். அதைத்தான் செய்வதாகச் சொன்னார்.

"ஒரு நாளிக்கு எத்தினி பேரு?"

ஹலீனா இரண்டு கை விரல்களையும் விரித்துக் காட்டினார். மூடினார். மறுபடி விரித்தார்.

"எனக்கு மாசத்துக்கு ரெண்டு, மூணு" என்றார் காத்தூன் பீவி, கேட்காமலே. சொன்ன பிறகு அது ஏதோ பெருமை பேசியது போல அவருக்குக் கூச்சமாக இருந்தது.

ஃபிர்தௌஸ் அதை மொழிபெயர்த்தாள். ஹலீனா சிரித்தார். உங்கள் ஊர் நல்ல ஊர் என்றார். பிறகு சிக்னல் போய்விட்டது.

அந்த வருஷம் ஜூலையில் துபாயிலிருந்து ஒரு வியாபாரி மெயில் போட்டார். பன்னிரண்டாயிரம் பை. அதே டிசைன், தலைப்பக்கம் வளைவு. ஃபிர்தௌஸ் சரக்குச் சேரும் துறைமுகத்தின் பெயரைப் பார்த்தாள். ரஷ்யாவின் துறைமுகம். சித்தப்பாவின் அறைக்குப் போய் மெயிலை மேசையில் வைத்தாள்.

"இது வேணாம் சித்தப்பா."

"ஏன் வேணாம்? சட்டப்படி தடை இல்ல. கவர்மெண்டே அவன்கிட்ட எண்ணெய் வாங்குது."

"நான் அந்தம்மாவ நேர்ல பாத்தேன். அவங்கள கொல்றவனுக்கும் நாமளே தைச்சுக் குடுக்கணுமா?"

"பைதானம்மா இது. துப்பாக்கியா?"

இரண்டு நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் தமீம் காத்தூன் பீவியை அழைத்து உட்காரவைத்தார். அவர் ஃபிர்தௌஸ் பக்கம்தான் பேசுவார், அதோடு விஷயம் முடியும் என்று தமீம் நினைத்தார். அவருக்கே அந்த ஆர்டரைக் கைவிட ஒரு சாக்கு தேவையாக இருந்தது.

காத்தூன் பீவி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "குடுங்க" என்றார்.

"பெரிம்மா!"

"பையி இல்லன்னா சண்டைய நிறுத்திடுவானா? மாட்டான். குழியில அப்டியே போட்டுட்டுப் போவான். அவனுக்கும் வூட்ல ஒரு ஆயா ஒக்காந்துகினு கீறா. அவளுக்கும் மூஞ்சி பாக்கணும்."

ஃபிர்தௌஸ் எழுந்து போய்விட்டாள். துபாய் ஆர்டரை அவள் டைப் செய்ய மாட்டேன் என்றதால், தமீமே இரண்டு விரலால் டைப் செய்து அனுப்பினார். அவள் ஹலீனாவுக்கு நடந்ததை எல்லாம் எழுதி, தனக்கு இதில் சம்மதமில்லை என்று முடித்தாள். ஹலீனாவிடமிருந்து பதில் வரவில்லை. அதற்கடுத்த கடிதத்துக்கும் வரவில்லை. இறந்துவிட்டாரா, கோபமா, இல்லை வேலையா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. போலந்து நிறுவனத்துக்கு விஷயம் எப்படியோ தெரிந்தது. இதனால் எங்கள் சரக்குத் தாமதமாகுமா என்று மட்டும் கேட்டு எழுதினார்கள். ஆகாது என்று தமீம் பதில் போட்டார்.

ஃபிர்தௌஸ் காத்தூன் பீவியோடு பேசுவதை நிறுத்தினாள். தினமும் காலையில் சலாம் சொல்வாள்; அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது என்பதால். காத்தூன் பீவி பதில் சலாம் சொல்வார். அவருக்கு அது வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை.

டிசம்பரில் இன்னொரு ஆர்டர் வந்தது. ஏதோ ஒரு நிவாரண நிறுவனத்துக்காக வாங்குகிற ஆள். சரக்கு எகிப்துக்குப் போக வேண்டும். எகிப்தில் சண்டை இல்லையே என்று தமீம் கேட்டதற்கு, எகிப்தை ஒட்டித்தான் காஸா இருக்கிறது என்று காலித் விளக்கினார். வெள்ளை நிறம். மூன்று அளவு. மூன்றாவது அளவு ஒன்றே கால் மீட்டர்.

தமீம் அந்த மூன்றாவது அளவைத் தையல்காரப் பெண்களிடம் "சின்ன டென்ட்டு" என்று சொல்லிப் பார்த்தார். வெளியில் சொல்லிச் சொல்லி அவர்கள் பழகியிருந்த பொய் அது. தங்களுக்கே திரும்பி வந்தபோது அவர்களுக்கு அடையாளம் தெரிந்தது.

முதல் சாம்பிள் செக்கிங் மேசைக்கு வந்தது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு கைப்பிடி. காத்தூன் பீவி அதை விரித்து, கையால் சாண் போட்டு அளந்தார். ஆறு சாண், கொஞ்சம் மேலே. கத்தரிக்கோலை வைத்துவிட்டு நேராகத் தமீமின் அறைக்குப் போனார். அங்கே ஃபிர்தௌஸும் இருந்தாள்.

"இதுக்கு இன்னாத்துக்கு கைப்புடி?"

"மெயில்ல அப்டித்தான் கேட்டிருக்காங்க காத்தூன்மா. பெரிய பைக்கு ஆறு, இதுக்கு ரெண்டு."

"புள்ளைய யாராச்சும் கைப்புடி புடிச்சி தூக்கினு போவாங்களா? கையிலதான் தூக்குவாங்க. அத்த எடுங்க. இந்தாண்ட அந்தாண்ட ஒன்னியும் குத்தக் கூடாது, தோளுல போட்டா உறுத்தக் கூடாது."

தமீம் ஃபிர்தௌஸைப் பார்த்தார். ஐந்து மாதத்தில் முதல்தடவையாக ஃபிர்தௌஸ், "பெரிம்மா சொல்றத எழுதறேன்" என்றாள். அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். காரணத்தையும் எழுதினாள். பதில் வர வாரக்கணக்கில் ஆகும் என்று நினைத்தார்கள். ஒரு மணி நேரத்தில் வந்தது. கைப்பிடி இல்லாவிட்டால் பைக்கு இத்தனை சென்ட் மிச்சமாகிறது, யோசனைக்கு நன்றி, அப்படியே செய்யவும்.

கைப்பிடி இல்லாமல் நானூறு பை தைத்தார்கள். அவை மேசைக்கு வந்தபோது காத்தூன் பீவி, "இத்த நான் பாக்க மாட்டேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்வதைப் போலச் சொன்னார். செங்கொடியைப் பார்க்கச் சொன்னார்கள். அவள் பத்துப் பை பார்த்தாள். பதினோராவதை மடித்து வைத்துவிட்டு வந்து காத்தூன் பீவியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மற்றவர்களும் மாட்டேன் என்றார்கள். யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை.

தமீம் அறையைச் சாத்திக்கொண்டு மிச்சத்தைத் தானே பார்த்தார். நாலு நாள் ஆனது. அவருக்கு அந்த வேலை வராது. நூல் வெட்டப் போய் இரண்டு பையைக் கிழித்தார். நாலாம் நாள் மாலை வெளியே வந்து, இனி இந்தச் சின்ன அளவு நாம் செய்யப்போவதில்லை, எழுதிவிடு என்று ஃபிர்தௌஸிடம் சொன்னார்.

அந்தப் பைகள் சென்ற கப்பல், செங்கடலில் கப்பல்களை அடிக்கிறார்கள் என்று, ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போனது. ஒன்றரை மாதம் தாமதம். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு ஃபிர்தௌஸ் எழுதினாள். பரவாயில்லை, தேவை குறையவில்லை என்று பதில் வந்தது.

சின்ன அளவை வேறு ஊரில் வேறு ஒரு கம்பெனி எடுத்துக்கொண்டது. மார்ச் மாதம் அது காத்தூன் பீவியின் காதுக்கு வந்தது.

"அவங்க கைப்புடி வச்சி தைக்கறாங்களா, இல்லாமயா?" என்று கேட்டார்.

ஃபிர்தௌஸுக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்வதாகச் சொன்னாள். ஒரு வாரம் விசாரித்தாள். அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் படம் இருந்தது. கைப்பிடி இருந்தது. ஜிப் நடுவில் இருந்தது. இரண்டு முனையும் ஒரே மாதிரி இருந்தன. போனைக் காத்தூன் பீவியிடம் நீட்டினாள். அவர் பெரிதாக்கிப் பார்த்தார். படத்தில் தையலில் நூல் பிசிறுகூடத் தெரிந்தது.

அன்று வீட்டுக்குப் போய் அவர் சாப்பிடவில்லை. காலித் இரண்டு தட்டையும் கழுவி வைத்தார். மறுநாள் காலை காத்தூன் பீவி ஷெட்டுக்குப் போனதும் முதலில் தமீமின் அறைக்குப் போனார்.

"தமீமு, அந்த ஆர்டர திருப்பி வாங்கு."

"நீங்கதானே பாக்க மாட்டேன்னீங்க?"

"சொன்னேன்தான். நாம தைக்கலன்னா அது நிக்கும்னு நெனச்சிட்டேன். நிக்கல. கலீஜா தைச்சி அனுப்பறாங்க. நீ வாங்கு, நானே பாக்கறேன்."

"உங்களால முடியுமா?" என்றார் தமீம்.

"முடியாது. பாக்கறேன்."

ஆர்டர் திரும்பி வரக் கொஞ்சம் சிரமப்பட்டார்கள். விலையைக் குறைத்துத்தான் வாங்கினார்கள்.

இது நடந்து ஒன்றரை வருஷமாகிறது. காத்தூன் பீவி இன்றும் சாத்தாங்காட்டு ஷெட்டுக்கு மெட்ரோ ஏறிப் போகிறார். மய்யித் வீட்டிலிருந்து ஆள் வந்தால் பாதி வேலையில் எழுந்து போகிறார். தமீம் அதற்குச் சம்பளம் பிடிப்பதில்லை. ஃபிர்தௌஸுக்குக் கல்யாணமாகிவிட்டது. மெயில் பார்ப்பது அவள்தான், வீட்டிலிருந்தே. துபாய் ஆர்டரை இன்றும் தமீம்தான் இரண்டு விரலால் டைப் செய்கிறார். காலித் போனில் சண்டை பார்ப்பதை விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டால், எல்லா ஊரு பேரும் குழம்புது என்கிறார். இப்போது வாரத்துக்கு மூன்று நாள் அவர்தான் சமைக்கிறார், சுமாராக.

செவ்வாய்க்கிழமைகளில் சின்ன அளவு மேசைக்கு வரும். அன்று காத்தூன் பீவியின் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள்; அவரும் கூப்பிட மாட்டார். ஒவ்வொரு பையையும் உள்ளே வெளியே திருப்பி, தோளில் ஒரு தடவை போட்டுப் பார்க்கிறார். எங்கேயாவது உறுத்தினால் ஒதுக்குகிறார். வாங்குகிற ஆள் நூற்றுக்கு இரண்டு பழுது வரை ஏற்றுக்கொள்வார். காத்தூன் பீவி நூற்றுக்குப் பதினைந்து ஒதுக்குகிறார். ஒதுக்கியதைத் தமீம் திரும்ப எண்ணிப் பார்ப்பதில்லை. பிரித்து மறுபடி தைக்கச் சொல்லி அனுப்பிவிடுகிறார்.